கிளாரினெட்டும் அளவுகோலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச அழைத்தபோது செயலாளர் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். "தோலைப் பற்றி மட்டும் பேசாதப்பா, தினமும் அதைத்தான் முகர்ந்துக்கிட்டு இருக்கோம்" என்றார். எனவே காற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்தப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் பேண்டு செட் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் மெட்டைத் தூக்கிப் பிடிப்பது கிளாரினெட். இப்போது பல செட்டுகளில் கீபோர்டும் சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு புகாரும் வந்தது. "கிளாரினெட்காரர் சுருதி சேர மாட்டேங்கிறார், வயசாயிடுச்சு" என்கிறார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவரைக் கூப்பிடுவதில்லை. ஒருவருடைய பிழைப்பு போகிறது. குறை ஆளிடமா, கருவியிலா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. அளப்பது இன்ஜினியர் வேலை. அதனால்தான் இந்த விஷயம்.

ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆங்கில அளவில் ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். பிரெஞ்சு அளவில் ஒரு சைஸ் சுமார் 6.7 மில்லிமீட்டர்தான். ஒரு கணக்கில் செய்த லாஸ்டில் இன்னொரு கணக்கில் வெட்டிய மேல்தோலை இழுத்தால் பொருந்துமா? தையல்காரரைத் திட்டிப் பயன் உண்டா?

சுருதியிலும் அப்படி இரண்டு அளவுகோல் இருந்தன. இன்றைய கீபோர்டுகள் 'ஏ' என்ற ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துத் தயாராகின்றன. 1939இல் லண்டனில் நடந்த சர்வதேச மாநாடு பரிந்துரைத்த அளவு அது. ஆனால் பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசி வரை அதே ஸ்வரத்தை 452 ஹெர்ட்ஸுக்கு மேல் வைத்தே வாசித்தன. அந்தக் காலத்துக் கருவிகள் சிலவற்றில் 'எச்.பி.' என்ற முத்திரை இருக்கும். உயர்ந்த சுருதி என்று அர்த்தம். அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று வைத்தால், இந்த இரண்டு அளவுக்கும் வித்தியாசம் சுமார் 48 சென்ட். அதாவது அரையில் பாதி. பழைய எச்.பி. கருவியோடு கீபோர்டு சேராவிட்டால் அது ஊதுபவரின் தப்பு இல்லை.

"பேரலைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் இறங்காதா சார்?" என்று கேட்பீர்கள். இறங்கும், ஆனால் சமமாக இறங்காது. சாதாரண பி-பிளாட் கிளாரினெட்டில் மிகத் தாழ்ந்த ஸ்வரத்துக்கு ஒலிக்கும் காற்றின் நீளம் சுமார் 59 சென்டிமீட்டர். துளை எதையும் மூடாமல் ஊதும் ஸ்வரத்துக்குச் சுமார் 25 சென்டிமீட்டர். பேரலை 2 மில்லிமீட்டர் இழுத்தால் முதலாவது 6 சென்ட் இறங்கும், இரண்டாவது 14 சென்ட் இறங்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். 48 சென்ட் இறக்க வேண்டுமானால் நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும், துளைகளும் இடம் மாற வேண்டும். அது வேறு கருவியே ஆகிவிடும்.

மற்ற உறுப்புகளுக்கும் பங்கு உண்டு. மவுத்பீஸ் தயாரிக்கும் பிரெஞ்சு நிறுவனமான வாண்டோரன் 442 ஹெர்ட்ஸுக்கு ஒரு வகையும் 440க்கு இன்னொரு வகையும் செய்கிறது. இரண்டுக்கும் 8 சென்ட் வித்தியாசம். ரீடு மெலிந்து தளர்ந்தால் சுருதி இறங்கும். சாவியின் அடியில் உள்ள பேடு துளையிலிருந்து அதிகம் எழும்பினால் ஸ்வரம் ஏறும், குறைவாக எழும்பினால் இறங்கி மங்கும். சில கருவிகளில் அந்தப் பேடு மெல்லிய ஆட்டுத்தோலால் ஆனது. அண்ணன் மன்னிக்க வேண்டும், தோல் தானாகவே வந்துவிட்டது!

நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் கணக்குப்படி சுருதி 30 சென்ட் வரை ஏறும். ஊதுபவரின் மூச்சு உள்காற்றை முன்பே சூடாக்கிவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு வராது. ஆனாலும் சித்திரை மாதப் பகல் ஊர்வலத்தில் கிளாரினெட் ஏறும், கீபோர்டு அசையாது.

இதையெல்லாம் நம் நாதஸ்வரக் கலைஞர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். பல சீவாளிகளைக் கருவியில் தொங்கவிட்டு, பொருந்துவதை எடுத்துப் போடுகிறார்கள். அடித்துளைகளை மெழுகால் அடைத்துச் சரிசெய்கிறார்கள். உயர்ந்த சுருதியுள்ள குட்டையான திமிரி நாயனம் இருந்த இடத்தில் நீளமான பாரி நாயனம் பரவியதில் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைச் செம்மையாகச் செய்துகொடுத்தார். சுருதி மாற வேண்டும் என்றதும் கருவியை மாற்றினார்கள், கலைஞரைக் குறை சொல்லவில்லை. கிளாரினெட்டையே கர்நாடக இசையின் கமகத்துக்கு வளைத்துக் காட்டியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

சரி, வழி என்ன? பெரும்பாலான கீபோர்டுகளில் மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்க ஒரு வசதி இருக்கிறது. கிளாரினெட்காரரை ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றச் சொல்லுங்கள். அவருடைய ஸ்வரத்துக்குக் கீபோர்டைக் கொண்டுவாருங்கள். நம் கச்சேரி வழக்கமும் அதுதானே? பாடுபவருக்குத்தான் தம்புராவைச் சேர்ப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மாணவர் இசைக்குழுவுக்குச் சங்கம் கருவிகள் வாங்க யோசிக்கிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். எண்ணிக்கைக்காக ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வாங்க வேண்டாம். முதலில் 440 என்று முடிவு செய்வோம். மவுத்பீஸ், பேரல், ரீடு எல்லாம் அந்த ஒரே அளவில் இருக்கட்டும். வாங்குமுன் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஸ்வரங்களை ட்யூனரில் வைத்துப் பார்ப்போம். தேர்ந்தெடுக்கும் நாளில் உள்ளூர் பேண்டு கலைஞர் ஒருவரை மரியாதையோடு அழைத்து, சன்மானம் கொடுத்து, அவர் சொல்வதையும் கேட்போம்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் ஒரு மெஷின் பக்கத்தில் நிற்பீர்கள். பொருள் சரியாக வராதபோது ஆபரேட்டர் முகத்தைப் பார்க்கும் முன், அவர் கையில் எந்த அளவுகோலைக் கொடுத்தோம் என்று பாருங்கள்.