தனிச் சமரசம் வேண்டாம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணிப்பொறியைப் பற்றிப் பேச ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பெரிய கம்பெனியோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முறையோ எல்லாத் தொழிலுக்கும் ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-இல் தொடங்கிய மென்பொருள் சாம்பா. விண்டோஸ் கணிப்பொறிகளோடு மற்றக் கணிப்பொறிகளும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள அது வழி செய்தது. பல நாட்டுத் தொண்டர்கள் கூடி வளர்த்தார்கள். யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் அதற்குத் தேவையான விதிமுறைகளை மைக்ரோசாப்ட் பூட்டி வைத்திருந்தது.

2004-இல் ஐரோப்பிய ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, விதிமுறைகளைப் போட்டியாளருக்குத் தரவேண்டும் என்றது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. எதிர்த்து நின்ற சன், நோவல், ரியல்நெட்வொர்க்ஸ் ஆகிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பணம் பெற்று விலகின. சாம்பா தொண்டர்களும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் விலகவில்லை. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, 2006 நவம்பரில் நோவல் மைக்ரோசாப்டுடன் இன்னொரு ஒப்பந்தம் போட்டது. காப்புரிமை வழக்கிலிருந்து நோவலின் வாடிக்கையாளருக்கு மட்டும் பாதுகாப்பு. மற்றவர் கதி அவரவர் பாடு! நோவலில் வேலை பார்த்த சாம்பா தோழர் ஜெரமி அல்லிசன் இதைக் கண்டித்து வேலையையே உதறினார்.

அதற்காகச் சாம்பாக்காரர்கள் பேச மறுத்தார்களா? இல்லை. 2007 டிசம்பரில் அவர்களுக்காகவும் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரே தடவை 10,000 யூரோ கட்டியதில் ஆவணங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. ஆவணங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அது விட்டுக்கொடுத்தது. அவற்றைப் படித்து எழுதும் நிரலை எல்லாருக்கும் வெளியிடும் உரிமையை மட்டும் விடவில்லை. பிரதிக்கு இவ்வளவு என்று கப்பம் கட்டவும் இசையவில்லை. வேறு கட்டற்ற மென்பொருள் தொண்டர்களும் அதே ஏற்பாட்டில் சேர வாசல் திறந்து வைத்தார்கள். ஒப்பந்தத்தையும் ஊரறிய வெளியிட்டார்கள்.

தோழர்களே, மேசைக்குப் போவது துரோகமல்ல. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நமக்குள் முடிவு செய்யாமல் போவதுதான் தவறு. உடன் நிற்பவனை வெளியே விட்டுவிட்டு நான்கு பேர் வாங்கும் சலுகை வெற்றியாகாது. மேசையில் பேசியதை வெளியே வந்து அனைவரிடமும் சொல்ல முடியுமா? முடிந்தால் கையெழுத்திடுங்கள். முடியாவிட்டால் எழுந்து வாருங்கள்.