ஈஸ்ட் செய்யும் மனித மருந்து



இன்று நான் பேச வந்திருப்பது ஈஸ்ட் என்னும் ஒரு அற்ப உயிரைப் பற்றியாகும். அற்பம் என்று சிரித்துவிட வேண்டாம். ரொட்டி மாவை உப்பச் செய்வதும், பானையிலுள்ள கள்ளை நுரைத்துப் பொங்கச் செய்வதும் அதுவேயாகும். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர், மனித உடம்பில் ஊறவேண்டிய சரக்கைச் செய்து கொடுக்கிறது என்று நான் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். எப்படி என்று கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுவது உங்களுக்குத் தெரியும். 1921ல் கானடா தேசத்து டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அதுமுதல் சுமார் 60 வருஷகாலம் மாடு, பன்றி இவைகளின் கணையத்திலிருந்தே அது எடுக்கப்பட்டு வந்தது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உண்டு. பன்றியினுடையது அதில் ஒரு இடத்திலும், மாட்டினுடையது மூன்று இடங்களிலும் மாறுபடும். ஆதலால் சிலருடைய உடம்பு அதை ஏற்க மறுத்தது.

இன்சுலினைச் செய்யும் கட்டளை மனித ஜீனில் இருக்கிறது. அக்கட்டளையை பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த மனித இன்சுலின் 1982ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் ஈஸ்ட்டையும் அவ்வேலைக்கு வைத்தார்கள். ஈஸ்ட் செய்த சரக்கைக் கொண்ட மஞ்சட்காமாலைத் தடுப்பு மருந்து, அதாவது ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி, 1986ல் அங்கு அனுமதி பெற்றது. நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரிலேயே பயோகான் கம்பெனியார் 2004ல் பிக்கியா என்னும் ஈஸ்ட்டால் செய்த இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நிற்க, இதில் ஒரு சங்கடமும் உண்டு. இன்சுலின் வெறும் புரதம். ஆனால் மனிதனுடைய பல புரதங்களின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். சட்டையைச் சரியாகத் தைத்துவிட்டு, தன் இஷ்டப்படி பித்தான் வைக்கும் தையற்காரனைப்போல, ஈஸ்ட் புரதத்தைச் சரியாகச் செய்துவிட்டு, மன்னோஸ் என்னும் சர்க்கரையை அளவுக்குமீறி ஒட்டிவிடும். அப்படிப்பட்ட மருந்தை ஈரல் சீக்கிரம் இரத்தத்திலிருந்து விலக்கிவிடும்.

இதற்கு என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் கிளைக்கோஃபை என்ற கம்பெனியின் விஞ்ஞானிகள் பிக்கியாவின் நான்கு ஜீன்களை நீக்கி, வேறு உயிர்களின் 14 ஜீன்களைப் புகுத்தினார்கள். உடனே ஈஸ்ட் மனித முறைப்படி, முனையில் சியாலிக் அமிலத்தோடு சர்க்கரையை ஒட்டத் தொடங்கிற்று. இரத்த அணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினை அவ்வாறு செய்து, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அது வேலை செய்ததை 2006ல் வெளியிட்டார்கள்.

அப்புறம் என்னவாயிற்று? அதே வருஷம் மெர்க் கம்பெனி அக்கம்பெனியை வாங்கிற்று. இந்த ஈஸ்ட்டால் எரித்ரோபொயட்டின் மருந்து தயாரிக்கும் முயற்சியை 2010ல் கைவிட்டது. அறிவு வென்றும் மருந்து நோயாளியின் கைக்கு வரவில்லை.

தோழர்களே! இன்சுலின் கண்டுபிடித்தவர்கள் 1923ல் தங்கள் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கே டொரண்டோ சர்வகலாசாலைக்கு விற்றார்கள். எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமென்பதே அவர்கள் கருத்து. ஈஸ்ட் கூலி கேட்பதில்லை. சர்க்கரையும் தண்ணீரும் போன்ற எளிய தீனியே கேட்கிறது. அப்படியிருக்க, அதனால் செய்த மருந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தால், காரணத்தை ஈஸ்ட்டிடம் தேடலாமா? மனிதரிடம் அல்லவா தேடவேண்டும்? இதை நீங்கள் யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.