குறைமாதக் குழந்தையின் வலி: பெற்றவர்கள் செய்யக்கூடியது

(நவம்பர் 17, உலகக் குறைமாதக் குழந்தைகள் தினத்தை ஒட்டி நம் சங்கக் கூடத்தில் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கும் பத்து நிமிடம் தந்த செயலாளருக்கு நன்றி. நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் உண்டு. அதனால் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் வலிக்கும். அந்த வலியைக் குறைப்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

37 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைகளில் பலர் சில நாட்களாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடும். சர்க்கரை அளவும் மஞ்சள் காமாலையும் பார்க்கக் குதிகாலில் குத்துவார்கள். ட்ரிப் போட நரம்பு தேடுவார்கள். மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள். பாரிஸ் வட்டாரத்தில் 430 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முறை இப்படி வலி தரும் வேலைகள் நடந்தன. அவற்றில் ஏறக்குறைய 80 சதவீதம், அந்த வலிக்கென்று தனியாக எதுவும் செய்யாமலே நடந்தன.

"இத்தனூண்டு பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று 1980கள் வரை மருத்துவர்களிலேயே பலர் நினைத்தார்கள். இந்தூரில் மருத்துவம் படித்த கன்வல்ஜீத் ஆனந்த், ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வை 1987இல் வெளியிட்டார். அறுவை சிகிச்சையின்போது நல்ல வலிநிவாரணி பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்கு உடல் அதிர்ச்சியும் சிக்கல்களும் குறைவு என்று அது காட்டியது. வலியைக் கடத்தும் நரம்புகள் முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடும். அதை மட்டுப்படுத்தும் அமைப்பு பிறகுதான் முதிரும்.

அழவில்லை என்றால் வலிக்கவில்லை என்று எண்ணாதீர்கள். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. நெற்றி சுருங்குகிறதா, கண் இறுகுகிறதா, விரல்கள் விரிகின்றனவா, மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பாருங்கள்.

என்ன செய்யலாம்? முதலாவது, கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது இது. அம்மாவின் வெறும் மார்பில் குழந்தையைச் சாய்த்து, முதுகைத் துணியால் மூட வேண்டும். கால் மணி நேரம் முன்பே இப்படி வைத்துக்கொண்டால், அங்கேயே குதிகாலில் குத்தலாம். அப்பாவின் மார்பும் சரிதான்.

இரண்டாவது, கையால் அணைப்பது. இன்குபேட்டரை விட்டு எடுக்க முடியாத குழந்தைக்கு இது ஏற்றது. கையை நன்றாகக் கழுவி, மோதிரம், வளையல் கழற்றிவிட்டு, ஒரு கை தலையிலும் மறு கை மடக்கிய கால்களிலும் வைத்து, கருப்பையில் இருந்ததுபோல் சுருட்டிப் பிடியுங்கள். தடவிக்கொடுக்காதீர்கள். மிகச் சிறிய குழந்தைக்கு அசையாத கைதான் ஆறுதல்.

மூன்றாவது, பால். சப்பத் தெரிந்த குழந்தை என்றால் ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கலாம். முடியாத குழந்தைக்குச் சில சொட்டு சர்க்கரைக் கரைசலை இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் விடுவார்கள். இது நம் வீட்டில் வைக்கும் சேனை அல்ல. அளவு பார்த்து மருத்துவமனையில் மட்டுமே தருவது. பாட்டிமார் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொண்டுபோக வேண்டாம்.

இவையெல்லாம் சின்னச் சின்ன வலிக்குத்தான். அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு மருந்து கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். இன்னும் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்பே செய்வார்கள். பிள்ளை துடிக்கிறதே என்று அதைத் தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடலாம். துணியில் சுற்றிப் பிடித்து, சொட்டு மருந்தும் இனிப்புச் சொட்டும் தந்து வலியைக் குறைக்கலாம். பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

"சிஸ்டர், அடுத்த தடவை குத்தும்போது நான் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பெற்றோரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள மத்திய அரசு 2017இலேயே அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அவசரமான நேரத்தில் "வேண்டாம்" என்றால், அடுத்த முறை மறுபடியும் கேளுங்கள்.

கடைசியாக, அக்கம்பக்கத்தாருக்கு. அம்மா அங்கே பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டுமென்றால், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து யாராவது அழைத்து வர வேண்டும். ஒரு வேளைச் சோறு யாராவது கொடுத்தனுப்ப வேண்டும். "பிள்ளை எத்தனை கிலோ?" என்று விசாரிப்பதைவிட அது பெரிய உதவி. சந்தேகம் இருந்தால் என் வீட்டு மணியை எப்போது வேண்டுமானாலும் அடியுங்கள்.