அரங்கேற்றத்துக்கு முன் அமரும் அவை

கண்டி நகரிலிருந்து கொழும்பு வீதியில் ஏறத்தாழ 4 மைல் சென்றால் பேராதனையை அடையலாம். அங்கே, ஹந்தானை மலைச்சாரலிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில், திறந்தவெளி அரங்கு ஒன்று உண்டு. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் பெயரால் இன்று வழங்கும் அவ்வரங்கை மாணவர் ‘வள’ என்பர். பள்ளம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். சரிவிலே படிப்படியாக அவையோர் அமர்ந்திருக்க, கீழே ஆட்டம் நடைபெறும். பிடிக்காத நாடகத்தை அந்த அவை பொறுத்திருந்து பார்ப்பதில்லை. கூக்குரலாலேயே தீர்ப்பைக் கூறிவிடும். புதிய இசைநாடகம் ஒன்றை ஆக்கியவருக்கு அதனினும் கடுமையான நீதிமன்றம் வேறில்லை எனலாம்.

நாடகம் ஒன்று முறையாக அரங்கேறுமுன் அதனைப் பார்க்க வருவோரின் முகக்குறிப்பையும் வாய்ச்சொல்லையும் ஆக்கியோர் எவ்வளவு தூரம் மதித்தல் வேண்டும்? இன்று நாம் சிறிது சிந்திக்கவிருக்கும் பொருள் இதுவே.

இத்தகைய முன்னோட்டக் காட்சிகள் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்தவை என்று கருதுவோர் உளர். மட்டக்களப்புக் கூத்தை அறிந்தோர் அவ்வாறு கருதார். அங்கே அண்ணாவியார் ஆடுவோரைத் தெரிந்து, அவரவர்க்குரிய பாட்டுக்களைக் கொடுப்பதைச் சட்டம் கொடுத்தல் என்பர். பின்னர்க் கிழமைக் கூத்து நடைபெறும். சதங்கை அணியும் விழா நடைபெறும். இறுதியில், கூத்து முழுவதையும் அடைவாக ஆடிச் சரிபார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ வரும். அதற்குப் பின்னரே அரங்கேற்றம். இந்நிகழ்ச்சிகள் எவையும் மூடிய கதவுக்குள் நடைபெறுவன அல்ல. ஊரார் வந்து களரியைச் சுற்றி இருப்பர். முன்னாளில் அதே வேடத்தை ஆடியவரும், பாட்டெல்லாம் மனப்பாடமான மூதாட்டியும், ஒன்றும் அறியாச் சிறுவனும் அக்கூட்டத்தில் உண்டு. “மனே, வரவிலே கால் பிந்துது” என்று ஒரு முதியவர் இருந்த இடத்திலிருந்தே கூறுவார். ஆடுபவன் சினங்கொள்ளான், மறுகிழமை திருத்திக்கொண்டு வருவான். ஆகவே, அரங்கேற்ற இரவில் ஆடப்படுவது அண்ணாவியாரின் கூத்து மட்டுமன்று. ஊராரின் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்ட கூத்து.

இனிப் பேராதனைக்கு மீள்வோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, சரச்சந்திரர் ‘மனமே’ என்னும் சிங்கள இசைநாடகத்தைக் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் மேடையேற்றினார். ஆடியோர் பெரும்பாலும் பேராதனை மாணவர். பழைய ‘நாடகம’ என்னும் ஆடல்முறையை, அதனில் வல்ல சாள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயின் துணையோடு அவர் புதுக்கினார். அந்த ஆடல்முறையின் பெயரே தமிழ்ச்சொல். அதன் வேர் நமது நாட்டுக்கூத்திலே உள்ளது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேதான் என்பதை நேயர்கள் நினைவுகூரலாம். மொழியால் நாடு பிளவுபடத் தொடங்கிய அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் வழிவந்த ஒரு வடிவத்தைச் சிங்கள மக்கள் தமது தேசிய நாடகமாக ஏற்றுக் கொண்டாடினர்.

மனமே நாடகத்தின் உயிர்நிலை அவையோர் எழுப்பும் வினாவிலேயே இருக்கின்றது. பழைய சாதகக் கதையில் இளவரசி குற்றவாளி. கணவனைக் கொல்லக் கள்வர் தலைவனுக்கு வாளை நீட்டியவள். சரச்சந்திரரின் இளவரசியோ, தனித்து நின்று போரிட்ட வேடர் தலைவனுக்காக இரங்கிப் பேசுகின்றாள். அந்தக் கணப்பொழுதில் எல்லாம் நிகழ்ந்துவிடுகின்றது. அவள் குற்றவாளியா, அல்லளா என்னும் வழக்கு அரங்கைவிட்டு அவையோர் வெளியேறிய பின்னரும் முடிவதில்லை. 1961இல் அவர் ஆக்கிய ‘சிங்கபாகு’வைக் கண்டோரும், மகன் எய்த அம்புக்கு இரையாகும் சிங்கத் தந்தைக்காக நெஞ்சுருகினர்.

இவ்வெழுச்சியைக் கண்ணெதிரே கண்டவர், பேராதனைத் தமிழ்த்துறையிலிருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். ‘நமது கூத்தை நாமே பாமரர் ஆட்டமென்று ஒதுக்குதல் தகுமா?’ என்னும் வினா அவர்முன் எழுந்தது. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரை அழைத்துப் பல்கலைக்கழக மாணவர்க்குக் கூத்தைப் பழக்குவித்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலி வதை’ என அவை மேடையேறின. விடிய விடிய ஆடிய கூத்து சிறுபொழுதுக்குள் சுருங்கியது. நாற்புறமும் சனம் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்குச் சென்றனர்.

இங்கேதான் நமது வினா கூர்மையடைகின்றது. இத்தகைய ஆக்கத்துக்கு முன்னே இருவகை அவை உண்டு. கூத்திலே பிறந்து வளர்ந்தோர் ஒருசாரார். கூத்தை ஒருநாளும் பாராத நகரத்தார் மற்றொருசாரார். முதற்சாராருக்கு, பாட்டொன்று குறைந்தாலும் உறவினர் ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டாற்போன்ற வருத்தம். மற்றவர்க்கோ ஒரே தரு மும்முறை வந்தால் கொட்டாவி. இருவரையும் ஒருங்கே நிறைவு செய்ய முயன்றால் இரண்டுங்கெட்ட ஆட்டமே எஞ்சும். ஆயின், யார் சொல்லைக் கேட்பது?

என் கருத்து இது: ஆட்டத்தின் இலக்கணத்தை அறிந்தோரிடமும், கதையின் உயிரை அறியாதோரிடமும் கேட்டறிதல் வேண்டும். தாளம் பிசகியதா, வடமோடியின் மிடுக்குத் தளர்ந்ததா என்பவற்றை மட்டக்களப்பு முதியவரே கூற வல்லார். ஆனால், மண்டோதரி கணவனிடம் மன்றாடுமிடத்தில் மனம் நெகிழ்கின்றதா என்பதை, கூத்தென்றால் என்னவென்றே அறியாத ஒருவர் முகத்திற் காணலாம். இராவணேசனில் அன்று மாணவராயிருந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இராவணன் வீழ்ச்சியில் மகிழவே சிறுவயது முதல் பழகிய அவை, அவனது பெருமிதத்தையும் தனிமையையும் கண்டு மௌனமாகிவிடுமாயின், அதுவே ஆக்கியோருக்குக் கிடைக்கும் சான்றிதழ்.

கைதட்டலை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆடுவோரின் பெற்றோரும் நண்பரும் எதற்கும் கைதட்டுவர். சிரிக்கத் தகாத இடத்தில் எழும் சிரிப்பு, சோகக் கட்டத்திலே தொடங்கும் இருமல், பாட்டின் நடுவே பக்கத்திலிருப்போருடன் தொடங்கும் பேச்சு ஆகியவையே உண்மை பேசும் சாட்சிகள். எந்த இடத்தில் அவை சலித்தது என்பதை இவை தவறாது காட்டும். ஆனால் அந்தச் சலிப்புக்குக் காரணம் என்ன, மருந்து என்ன என்பவற்றை அவையோர் கூற இயலாது. நோவைச் சொல்வது நோயாளி. நோயை அறிவது வைத்தியர். ‘பாட்டு நீளம்’ என்று பலர் கூறுமிடத்தில், நீண்டது பாட்டாக இராது. அதற்கு முன் வந்த காட்சியின் தளர்ச்சியே காரணமாக இருத்தல் கூடும். ஆகவே அவையின் குரலுக்குச் செவிகொடுத்தல் வேண்டும். ஆயினும் கத்தரியை அவையின் கையில் ஒப்படைத்தல் ஆகாது.

பேராதனை மேடையிலே கூத்து பெற்றவையும் பல. இழந்தது ஒன்றும் உண்டு. களரியைச் சுற்றியிருந்து மறுமொழி கூறிய அந்த அவை, இருண்ட மண்டபத்திலே வாய்மூடி இருக்கப் பழகிவிட்டது. கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்தோருக்கு இவ்விழப்பின் அளவு விளங்கும். அங்கே ரதி புலம்பும்போது லயத்துப் பெண்களும் உடன் அழுவர். பார்ப்போர் யார், பங்குகொள்வோர் யார் என்று பிரித்தல் எளிதன்று.

ஆதலால் நேயர்களே, உங்கள் ஊரிலே இளைஞர் ஒரு புதிய இசைநாடகத்தைப் பழகுகின்றனர் என்று கேள்வியுற்றால், அரங்கேற்ற நாள்வரை காத்திராதீர்கள். ஒத்திகைக்கே செல்லுங்கள். முன்வரிசையில் இருந்து முகமனுக்குப் புகழாமல், கால் பிந்திய இடத்தைச் சொல்லுங்கள். கண் கலங்கிய இடத்தையும் சொல்லுங்கள். உங்கள் சொல் அவர்கள் ஆட்டத்திலே கலந்துவிடும். பின்னர் அரங்கேற்ற இரவிலே, மத்தளம் முழங்கிச் சல்லரி ஒலிக்கும்போது, மேடையில் நடப்பது உங்கள் கூத்துமாகும்.