செவிலி வகுத்த உரை



ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்கள் பலவற்றிற்குக் கவிதையே ஊற்று. 13ஆம் நூற்றாண்டில் புஜிவாரா தெய்க்கா நூறு புலவர்தம் பாடல்களை, ஆளுக்கு ஒன்றாகத் தொகுத்தார். ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பின், 1835 அளவில், எழுபதைக் கடந்த ஹொக்குசாய் அவற்றிற்கு ஓவியத்தால் உரைகாண முனைந்தார். உரையாசிரியராக அவர் நிறுத்தியது புலவரை அன்று, ஒரு செவிலித்தாயை!

ஹிதொமாரோவின் பாடல் நெடிய இரவின் தனிமையைப் பாடுவது. ஓவியத்திலோ மீனவர் வலையிழுக்கின்றனர். பிழையுரை என்பர் சிலர். நானும் மாணவியரின் எளிய விளக்கங்களை அவ்வாறே திருத்தியவள்தான். இன்று தயங்குகிறேன். அரசவைப் பாடல் உழைப்பவரிடம் சென்று உயிர்த்த வழியல்லவா அது?

நூறில் 27 ஓவியங்களே அன்று அச்சேறின. எஞ்சிய உரையைச் செவிலியர் சொல்லட்டும், நாம் செவிசாய்ப்போம்.