ஏடும் படக்கோப்பும்: சாஸ்திர தானத்தின் இன்றைய வடிவம்

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜைனர்தம் விழாக்களுள் ஏட்டிற்கென்றே அமைந்த விழா சுருத பஞ்சமி. கிர்நார் மலையின் சந்திரக் குகையில் தங்கியிருந்த தரசேனாசாரியார், தம் நெஞ்சில் எஞ்சியிருந்த ஆகமப் பகுதி தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவலையுற்றார். புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களை வரவழைத்து அதனைக் கற்பித்தார். அவ்விருவரும் கற்றதை ஷட்கண்டாகமம் என்னும் நூலாக்கினர். அந்நூல் நிறைவுற்று, ஏடாக வைத்து வழிபடப்பெற்ற திருநாளே ஜ்யேஷ்ட மாதத்து வளர்பிறைப் பஞ்சமி. கல்வி முடிந்தபின் புஷ்பதந்தர் வனவாசிக்கும், பூதபலி தமிழ்நாட்டிற்கும் சென்றனர் என்று மரபு கூறும். ஆகவே இவ்விழாவில் தமிழ் மண்ணுக்கும் ஓர் உரிமை உண்டு.

இந்நாளின் உட்பொருள் யாது? நெஞ்சில் இருந்த அறிவு ஏட்டிற்கு மாறியது. அம்மாற்றம் நிகழாதிருந்தால் நினைவோடு நினைவாக அது அழிந்திருக்கும். இன்று ஏட்டில் உள்ளது மற்றொரு வடிவிற்கு மாற வேண்டிய காலம் வந்துள்ளது. ஓலையின் முகத்தையும் காகிதத்தின் பக்கத்தையும் படக்கோப்பாக்குவது எந்திர வேலை போலத் தோன்றலாம். எண்ணிப் பார்ப்பின், அதுவும் சாஸ்திர தானமே.

ஷட்கண்டாகமத்திற்கு வீரசேனாசாரியார் இயற்றிய தவளா உரை ஒன்பதாம் நூற்றாண்டினது. காலப்போக்கில் அதன் பழைய ஏடுகள் கருநாடகத்து மூடபித்ரியில் மட்டுமே எஞ்சின. அடியார்கள் தொலைவிலிருந்து அவற்றைத் தரிசித்துத் திரும்பினர். ஏடு வணங்கப்பட்டது, ஆயின் வாசிக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் படியெடுக்கும் முயற்சி தொடங்கிற்று. பல்லாண்டு உழைப்பிற்குப்பின் 1939இல் ஹீராலால் ஜைன் பதிப்பித்த முதல் தொகுதி வெளிவந்தது. நூல் முழுதும் 16 தொகுதிகளாக நிறைவுற மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. பூட்டிய பெட்டி ஏட்டைக் காத்தது உண்மை. ஆனால் அறிவைக் காத்தது படியெடுத்த கை.

தமிழகத்திற்கு வருவோம். ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான வளையாபதி ஜைன நூல். இன்று அதில் கிடைப்பவை ஏறத்தாழ எழுபது செய்யுட்களே. அவையும் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியமையாலும், புறத்திரட்டு என்னும் தொகைநூல் எடுத்தாண்டமையாலும் தப்பின. காப்பியத்தின் முழு ஏடு எங்கோ ஒரு பரணில் மண்ணாயிற்று.

அதே குடும்பத்துப் பிறிதொரு காப்பியமாகிய சீவக சிந்தாமணியின் கதை வேறு. அதனை உ.வே. சாமிநாதையர் 1887இல் அச்சேற்றினார். அவருக்குச் சமயக் கருத்துகளை விளக்கி உதவியவர் கும்பகோணத்து ஜைன அன்பர்கள். அவ்வூர் ஜைன இல்லம் ஒன்றில் மாதக்கணக்காகச் சிந்தாமணியைப் படித்து முடித்த நாளில் மாக்கோலமிட்டுத் தோரணம் கட்டியிருந்ததை ஐயர் கண்டு வியந்தார். இரண்டும் காப்பியங்கள், இரண்டும் ஓலையில் இருந்தவை. ஒன்று பலர் வீட்டில் படியாக இருந்தது, படிக்கவும் பட்டது, பிழைத்தது. மற்றொன்றிற்கு அப்பேறு வாய்க்கவில்லை.

ஓலைக்கு ஆயுள் உண்டு. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் இந்நாட்டில் அது இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குதல் அரிது. துளைக்கும் பூச்சியைக் கொல்ல மனம் ஒப்பாத இல்லங்களில் வசம்பு வைத்தும், துணியில் சுற்றியும், காற்றாட வைத்தும் காத்தனர். எவ்வளவு காத்தாலும், ஒரு தலைமுறையில் ஒருவரேனும் எழுத்தாணி எடுத்துப் புதுப்படி எழுதினால்தான் நூல் நிலைக்கும். அதனால்தான் உணவு, மருந்து, அபயம் ஆகிய தானங்களோடு சாஸ்திர தானத்தையும் முன்னோர் ஒருங்கு வைத்தனர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஒரு பெண் செய்த பதிப்பு அது.

கையால் படியெடுப்பதில் ஓர் இடர் இருந்தது. ஓலையில் புள்ளி இடுவதில்லை, ஓலை பொத்துவிடும். எகர ஏகாரத்திற்கும், ஒகர ஓகாரத்திற்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எழுதுபவர் எவ்வாறு படித்தாரோ அவ்வாறே படி அமையும். அவர் பிழை அடுத்தவர்க்கும், அடுத்தவர் பிழை அதற்கடுத்தவர்க்கும் சென்றன. படக்கோப்போ படித்துப் பொருள் கொள்வதில்லை; கண்டதைக் கண்டவாறே வைக்கிறது. ஐயமுற்றவர் நூறு ஆண்டு கழித்தும் அந்த எழுத்தையே மீண்டும் நோக்கலாம். இது பழம் படிகளுக்கு இல்லாத பேறு.

ஆயினும் படக்கோப்பிற்கும் தனக்கே உரிய பிழைகள் உண்டு. அவற்றை அறிந்து செய்தல் வேண்டும்.

முதலாவது, ஏட்டிற்கு ஊறு செய்யாமை. நொய்ந்த ஓலையை ஸ்கேனரின் கண்ணாடியில் வைத்து அழுத்தலாகாது, முறியும். மேலிருந்து நேராக நோக்கும் ஒளிப்படக் கருவியே ஏற்றது. ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிப்பதும், எண்ணெய் பூசுவதும் பயிற்சி பெற்றோர் பணி. மை தடவாத ஏட்டில் எழுத்து வெறுங்கீறலாகவே இருக்கும். நேர் ஒளியில் அது தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் கீறலில் நிழல் விழும். எழுத்து எழுந்து நிற்கும்.

இரண்டாவது, முழுமை. வெற்று ஓலையையும், கட்டுச் சட்டத்தையும், ஒரு மூலையில் எவரோ எழுதி வைத்த ஊர்ப்பெயரையும் விடாமல் எடுக்க வேண்டும். ஏட்டின் இடப்புறத்து ஓரத்தில் தமிழ் எண்ணால் குறித்த ஏட்டெண் படத்தினுள் விழ வேண்டும். அதை வெட்டிவிட்டால் வரிசை கலைந்த கட்டினைச் சேர்ப்பார் இலர்.

மூன்றாவது, நுணுக்கம். ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகளேனும் இருத்தல் வேண்டும். சிறிய எழுத்திற்கு 400 முதல் 600 வரை நன்று. ஏ4 அளவுள்ள ஒரு பக்கம் 300 புள்ளியில் அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளிகள் கொண்டதாகும். அதனை வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 எம்.பி. இடம் கொள்ளும். அத்தகைய 400 பக்கங்கள் 16 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். ஒரு பரண் நிறைந்த செல்வம் ஒரு விரல் நீளத்தில் அடங்குமாயின், இடமில்லை என்னும் காரணம் இனிச் செல்லாது.

நான்காவது, கோப்பின் வகை. டிஃப் என்னும் வகை எடுத்ததை இழப்பின்றி வைக்கும்; மூலப்படியாகக் காக்க அதுவே தக்கது. ஜேபெக் என்னும் வகை சிறிதாகும். ஆனால் சுருக்கும்போது சிறிது இழக்கும், திருத்தித் திருத்திச் சேமிக்கும்தோறும் மேலும் இழக்கும். அது பார்வைக்கும் பகிர்வுக்கும் உரியது. வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்பினால் அது மேலும் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தவாறே சேரும். சுருங்கிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுதல், நெல்லை எறிந்து உமியைக் காப்பது போன்றது.

ஏற்கெனவே பி.டி.எஃப். கோப்பாக உள்ள பழைய நூல்களுக்கும் ஒரு சொல். 200 பக்க நூலைப் பத்துப் பேர் பகிர்ந்து எழுத்துக் கோக்கவும், ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ஆராயவும், பக்கங்களைத் தனித்தனிப் படங்களாகப் பிரிப்பது பயன் தரும். அவ்வாறு மாற்றும்போது மென்பொருள் தானாகக் கொள்ளும் அளவு பெரும்பாலும் குறைவாக இருக்கும். 300 எனக் குறித்துக் கொடுத்தல் வேண்டும். முதலிலேயே மங்கலாக எடுத்த பக்கத்தை 600 எனக் குறித்து மாற்றினாலும் புதிய தெளிவு பிறவாது, கோப்புத்தான் பெருக்கும். அன்றியும், கணினியில் எழுத்தாகவே கோத்த பழைய மலர்கள் பல, அக்காலத்து எழுத்துருக்கள் இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. சரியாகத் தெரியும் கணினி ஒன்று இருக்கும்போதே அப்பக்கங்களைப் படமாக்கிவிட்டால் வடிவம் நிலைத்துவிடும். ஆனால் படத்தில் சொல்லைத் தேட இயலாது. ஆதலின் மூலக் கோப்பையும் உடன் வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, பெயர். கருவி தானே இடும் எண்ணோடு விட்டுவிட்ட ஆயிரம் படங்கள், கயிறு அறுந்த ஆயிரம் ஓலைகளுக்கு நிகர். நூலின் பெயர், ஏட்டெண், முன்பக்கமா பின்பக்கமா என்பது ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இருக்கட்டும். எண்ணை 001, 002 என மூன்று இலக்கமாக எழுதினால் வரிசை பிறழாது. இல்லையேல் ஒன்றுக்குப்பின் பத்து வந்து நிற்கும். யாருடைய ஏடு, எவ்வூர், என்று எடுத்தது என்பதை ஒரு தனித்தாளில் எழுதி, அத்தாளையே முதற் படமாக எடுத்து வைக்கலாம்.

இங்கே ஓர் அச்சம் எழுவது இயல்பு. ‘ஏடு வெளியே சென்றால் திரும்பி வருமோ?’ என்பது பெரியவர்களின் கேள்வி. அது வீண் அச்சமன்று. இரவல் சென்ற ஏடுகள் பல வீடு திரும்பவில்லை. ஆயின் படக்கோப்பின் சிறப்பே அதுதான். ஏடு வீட்டு வாயிலைத் தாண்ட வேண்டியதில்லை. பூசை அறைக்கு அருகிலேயே, வீட்டார் கண் முன்னிலேயே படமெடுக்கலாம். எடுத்தபின் ஏடு தன் பெட்டிக்கே திரும்பும்.

‘ஜினவாணியைக் கைபேசியில் வைத்துக் கண்ட இடத்தில் திறக்கலாமோ?’ என்பது மற்றொரு தயக்கம். அதுவும் பக்தியினின்று பிறந்ததே. கை கழுவி, தூய இடத்தில் அமர்ந்து, வணங்கித் திறக்கும் வழக்கத்தைப் படத்திற்கும் கைக்கொள்வதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அத்தயக்கத்தால் நூல் வாசிப்பாரின்றிப் போகுமாயின், மூடபித்ரியின் கதை வீட்டுக்கு வீடு நிகழ்ந்துவிடும்.

வந்தவாசிப் பக்கமோ திண்டிவனப் பக்கமோ உள்ள ஒரு பழைய வீட்டை எண்ணிப் பாருங்கள். மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்கின்றனர். பாட்டி காலமாகி ஓராண்டு ஆயிற்று. வீட்டை விற்க நாள் குறித்தாயிற்று. பரணில் ஒரு மரப்பெட்டி. உள்ளே கிரந்த எழுத்தில் ஓர் ஓலைக்கட்டு, அட்டை கழன்ற ஸ்ரீபுராணம், பாட்டி தம் கையால் நோன்புக் கதைகளையும் தோத்திரங்களையும் எழுதி வைத்த நீலநிற நோட்டுப் புத்தகம். ஓலைக்கட்டின் பெருமையறிந்து எவரேனும் எடுத்துச் செல்லக்கூடும். அந்த நோட்டுப் புத்தகம் பழைய தாள் வாங்குவோரின் தராசில் ஏறிவிடும். அந்த நோன்புக் கதையை அவ்வாறே சொல்ல இனி ஒருவரும் இல்லை. அச்சில் வராத அந்த நாற்பது பக்கங்களைப் படமாக்க ஒரு பேரனுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அம்மாலைப்பொழுது வாய்க்காமல் போவதுதான் இன்றைய வளையாபதி.

இப்பணிக்கு இரு தலைமுறை வேண்டும். கருவியை இயக்க இளையோர் அறிவர். ஏட்டின் முதற்பக்கம் எது, அது என்ன நூல், எழுத்து கிரந்தமா தமிழா என்று சொல்ல முதியோரே வேண்டும். அம்முதியோர் இருக்கும்போதே இருவரும் ஒரு பாயில் அமர வேண்டும். அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து தமிழ் எழுத்தைக் கணினி ஓரளவு தானே படித்துக்கொள்கிறது. பழைய ஓலையெழுத்தைப் படிக்கக் கற்ற கண் இன்றும் தேவை. எனவே படம் எடுப்பதோடு, வீட்டில் ஒரு பிள்ளைக்கேனும் ஏடு படிக்கக் கற்றுக்கொடுத்தலும் இத்தானத்தின் பகுதியே.

எடுத்த படங்களை ஒரே இடத்தில் வைத்தலாகாது. ஒரு படி வீட்டில், ஒரு படி ஊர் ஜினாலயத்திலோ அறக்கட்டளையிலோ, ஒரு படி தொலைவில் உள்ள நூலகம் ஒன்றில் இருக்கட்டும். வன்தட்டும் பழுதாகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதில் படியெடுக்க வேண்டும். ஓலைக்கு இருந்த விதியே இதற்கும். யாரும் திறவாத வன்தட்டு, யாரும் திறவாத பெட்டியே.

தரசேனர் காத்திருக்கவில்லை; தம் நாள் குறுகுவதை உணர்ந்து உடனே ஆள் அனுப்பினார். இவ்வாண்டுச் சுருத பஞ்சமியில் ஏட்டிற்கு மலரிட்டு வணங்கிய கைகள், அடுத்த சுருத பஞ்சமிக்குள் தத்தம் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறக்கட்டும். உள்ளே இருப்பதை ஏடு ஏடாக, பக்கம் பக்கமாகப் படமாக்கி, அடுத்த விழாவில் ஜினவாணியின் திருமுன் வைக்கட்டும். மலர் மாலையில் வாடும். இந்தப் படி பேரப்பிள்ளைகளின் கைக்குச் சேரும்.

அறம் வளர்க! ஆகமம் வாழ்க!