கதை எங்கே பத்திரமாக இருக்கும்?

ரசிகர் புனைவைப் படிக்க ஏற்றது தாளா, திரையா? இதுவே இன்றைய தலைப்பு.

ஒருவர் படைத்த கதாபாத்திரங்களை வைத்து, அவருடைய வாசகர்கள் புதுக் கதை எழுதினால் அது ரசிகர் புனைவு. தமிழுக்கும் இது அந்நியமல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார் அல்லவா?

அமெரிக்காவில் 1966இல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. மறு ஆண்டே அதன் ரசிகர்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற சிற்றிதழைச் சொந்தமாக வெளியிட்டார்கள். தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் நகலெடுத்து, தபாலில் அனுப்பிய காலம் அது. பிறகு இணையம் வந்தது. 1998இல் ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட், 2009இல் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' ஆகிய தளங்கள் பிறந்தன. இன்று கைத்தொலைபேசி இருந்தால் போதும், கதைகளை இலவசமாகப் படிக்கலாம்.

தாளில் படித்தால்தான் மனத்தில் பதியும் என்று பலர் சொல்வதுண்டு. 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தகவல் கட்டுரைகளைப் புரிந்துகொள்ளத் தாளே மேல் என்று அது கண்டது. கதைகளில் மட்டும் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, திரையில் கதை படிக்கும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது கதையின் ஆயுளைப் பற்றித்தான். 2002இல் ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் வயதுவந்தோருக்கான கதைகளைத் தடை செய்து நீக்கியது. 2009இல் யாகூ நிறுவனம் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, ரசிகர்கள் அங்கே அமைத்திருந்த பக்கங்கள் பலவும் மறைந்தன. ஆனால் பழைய சைக்ளோஸ்டைல் இதழ்களை ஐயோவா பல்கலைக்கழக நூலகம் போன்ற இடங்களில் இன்றும் காணலாம்.

தாளுக்கும் ஒரு குறை உண்டு. அச்சாகிக் கைமாறிய கதையை எழுதியவர் திரும்பப் பெற முடியாது. 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்திலோ அவர் கதையையே நீக்கலாம். கதையை விட்டுவிட்டுத் தம் பெயரை மட்டும் எடுத்துவிடவும் செய்யலாம்.

அப்படியானால் வாசகர் என்ன செய்வது? திரையில் தாராளமாகப் படிக்கலாம். மனத்துக்குப் பிடித்த கதையைப் பதிவிறக்கம் செய்து வைக்கலாம். அந்தத் தளமே அதற்கு வசதி தருகிறது. அதையும் தாண்டி, அச்செடுத்துத் தாமே பைண்டு செய்து அலமாரியில் வைக்கும் வாசகர்கள் இன்று வெளிநாடுகளில் இருக்கிறார்கள். வார இதழ்த் தொடர்கதைகளைக் கத்தரித்துப் பைண்டு செய்து வைத்த நம் பெரியவர்களும் செய்தது இதைத்தானே?

ஆனால் பைண்டு செய்யுமுன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. அதை விற்கவே கூடாது. அவர் காசு வாங்காமல் எழுதிய கதையில் இன்னொருவர் லாபம் பார்ப்பது முறையல்ல. மூலக் கதையின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தால் எழுதியவரும் சிக்கலில் மாட்டக்கூடும்.

பிடித்த கதை ஒன்று இருந்தால், அது இருக்கும்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.